சம்வத்சரியில் ஒரு தும்மல்

அன்று காலையிலிருந்து என் கவனம் முழுக்க என் மூக்கின் மேலேயே இருந்தது. கோயிலுக்குப் போனேன், சுவாமியின் முகத்தைப் பார்த்தேன், மூக்கை நினைத்தேன். துறவி மகராஜ் புனித நூல் வாசித்தார், எங்கள் ஊர் கம்பாத் முழுக்கக் கைகூப்பிக் கேட்டது, நான் மட்டும் அரிப்பது வலது பக்கமா இடது பக்கமா என்று ஆராய்ந்துகொண்டிருந்தேன். ஜைனர்களான எங்களுக்குப் பர்யூஷண எட்டு நாளிலும் பெரிய நாள் சம்வத்சரி. காய்ச்சி ஆறின தண்ணீரைத் தவிர வேறொன்றும் வாயில் படாத உபவாசம். இப்படிப்பட்ட நாளில் ஒரு மனுஷி ஆத்மாவைப் பற்றி நினைக்க வேண்டும். எனக்கு அன்று மூக்குதான் ஆத்மா.

சாயங்காலம் பிரதிக்கிரமணம். ஒரு வருஷத்துப் பாவத்தை மூன்று மணி நேரத்தில் வரிசையாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் மன்னிப்புக் கேட்டுக் கழுவுகிற சடங்கு. அதன் நடுவே யாராவது தும்மினால் அபசகுனம். கூடியிருக்கும் சங்கம் முழுவதற்கும் ஆகாது என்பார்கள். அதற்குப் பரிகாரமும் உண்டு: கடைசியில் எல்லோரும் எழுந்து கூடுதலாக ஒரு முறை நின்று தியானம் செய்ய வேண்டும், தும்மினவர் மறுநாள் கோயிலில் ஒரு பூஜை செய்ய வேண்டும். சாஸ்திரம் அதோடு விட்டுவிட்டது. மீதியை எங்கள் சந்துக்காரர்கள் சேர்த்துக்கொண்டார்கள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் நான் தும்மினேன். வாயை மறைத்துப் பிடிக்கும் துணியை மீறி, மண்டபம் அதிர, ஒன்று அல்ல, அடுக்காக. அதற்கு அடுத்த வாரம் எதிர்வீட்டு ரசிக்பாய் விடியற்காலையில் மாடிப்படியில் உருண்டு விழுந்தார். இடுப்பெலும்பு போயிற்று, அப்புறம் காய்ச்சல், தீபாவளிக்கு முன்னால் ஆளே போய்விட்டார். அவருடைய மனைவி பிரபாவதியும் நானும் ஒரே மாசம் கல்யாணமாகி இந்தச் சந்துக்கு வந்தவர்கள். முதல் எட்டு நாள் உபவாசத்தைச் சேர்ந்தே இருந்தவர்கள். அவள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பேச்சை நிறுத்திவிட்டாள், அவ்வளவுதான். மறு வருஷம் பர்யூஷணத்துக்குத் தருபென் வந்தாள். ஊர் வம்பைத் தட்டில் வைத்து வீடு வீடாகக் கொடுக்கிறவள். "ஜசுபென், உங்களுக்குத்தான் கம்பளி ஆசனம் ஒத்துக்காதே, வீட்டுலயே நிம்மதியா பண்ணிடுங்களேன்" என்றாள். அந்த நிம்மதியில் மூன்று சம்வத்சரி வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு ஓடின. பிரபாவிடமிருந்து ஒவ்வொரு வருஷமும் எனக்கு வந்ததெல்லாம் வாட்ஸ்அப்பில் ஒரு தாமரையும் கூப்பிய கையும். மன்னிப்புக் கேட்கும் அந்தப் படம் பால்காரனுக்கும் போயிருக்கும்.

இந்த வருஷம் போவது என்று முடிவு செய்துவிட்டேன். நான் யாரையும் கொல்லவில்லை. அந்த மண்டபத்தில் எனக்கு ஓர் இடம் உண்டு, அது எனக்குத் திரும்ப வேண்டும்.

அதற்காக ஒரு மாசமாகப் பாடுபட்டேன். கம்பளி ஆசனத்தை அலசி, மழை விட்ட நாளெல்லாம் மாடியில் காயப்போட்டு, முறத்திலிட்ட அரிசியைப் போலத் தட்டித் தட்டிப் புடைத்தேன். டாக்டர் கொடுத்த மாத்திரை ஒரு நாள் தாங்கும் என்றார். உபவாசத்தில் மாத்திரை கூடாது, அதனால் முந்தின நாள் பொழுது சாய்வதற்குள் விழுங்கிவிட்டேன். பிரதிக்கிரமணம் முடிவதற்குள் அதன் வேகம் தீர்ந்துவிடுமோ என்று மணியை எண்ணிக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர் கீர்த்தி உபவாசக் களைப்பில் பாயில் கிடந்தார்.

"ஏன் வம்பை விலைக்கு வாங்குறே? வீட்டுல சொன்னாலும் அதே பாவம்தானே கழுவப் போகுது" என்றார்.

"உங்களை யாராவது வீட்டுல உக்காருன்னு சொன்னாங்களா?"

"நான் தும்மலையே."

"குறட்டை விட்டீங்க. போன வருஷம் ஆம்பளைங்க மண்டபமே சொல்லிச்சு. குறட்டையால எவனும் செத்துப்போகலைன்னு விட்டுட்டாங்க."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். உபவாச நாளில் என்னோடு சண்டை போடத் தெம்பு வேண்டுமே.

பெண்கள் மண்டபத்தின் வாசலில் பிரபா நின்றிருந்தாள். வருகிறவர்களை இடம் பார்த்து உட்கார வைப்பது அவள் பொறுப்பு. அவளுடைய புது மருமகள் ஸ்துதி பக்கத்தில் தூணைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி வந்த முதல் வருஷமே எட்டு நாள் உபவாசம் எடுத்தவள். அன்று எட்டாவது நாள். முகம் வாடி, உதடு வெடித்து, கண்கள் மட்டும் பெரிசாகத் தெரிந்தன. மறுநாள் காலை அவளுடைய பாரணை. பிறந்த வீட்டு ஜனங்கள் எல்லோரும் வந்து கரண்டியால் பயற்றுத் தண்ணீர் ஊட்டி உபவாசத்தை முடித்து வைப்பார்கள். அதற்கு முன்னால் ஊர்வலம், பாண்டு வாத்தியம் எல்லாம் உண்டு.

பிரபா என்னையும் என் கையிலிருந்த ஆசனத்தையும் பார்த்தாள். எத்தனையோ நாளைக்கு அப்புறம் என்னிடம் பேசினாள்.

"உள்ளே ரொம்பப் புழுக்கம். உனக்கு முடியுமா?"

"செத்தா போயிடுவேன்?" என்றேன். அந்த வார்த்தை வேண்டாம்தான், வந்துவிட்டது. அவள் முகம் சுருங்கியது. நான் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன்.

எட்டு நாள் உபவாசக்காரர்களுக்குச் சாய்ந்துகொள்ளச் பக்கச் சுவரோரம் இடம் விட்டிருந்தார்கள். பின்பக்க மூலையில், கதவுக்குப் பக்கத்தில், எனக்கு இடம் கிடைத்தது. தும்மல் வந்தால் ஓடிவிடலாம் என்று நினைத்து உட்கார்ந்தேன். வந்த பிறகு ஓடி என்ன பயன் என்று உட்கார்ந்த அப்புறம்தான் தோன்றியது. எனக்கு நேர் முன்னால் ஸ்துதியும், அவளை ஒட்டிப் பிரபாவும் வந்து உட்கார்ந்தார்கள்.

விரதத்தில் உட்கார்ந்துவிட்டால் மின்விசிறி கிடையாது, விளக்கு கிடையாது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஒரு சொட்டுப் பச்சைத் தண்ணீர் மேலே பட்டாலும் விரதத்துக்குக் குறை என்று ஜன்னல்களை எல்லாம் சாத்தினார்கள், கண்ணாடி வழியே வந்த சாயங்கால வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. இருநூறு பெண்கள், இருநூறு கம்பளி ஆசனம், வருஷத்துக்கு ஒரு தடவை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்தவை. பாச்சை உருண்டை வாசனை கண்ணைக் கரித்தது. என் ஆசனத்தை மட்டும் நான் துவைத்து என்ன செய்ய?

பெண் துறவியான சாத்வி மகராஜ் ஆரம்பித்தார். உட்கார்ந்தோம், எழுந்தோம், குனிந்தோம். மூக்கினுள்ளே எறும்பு ஊர ஆரம்பித்தது. நாக்கை மேலண்ணத்தில் அழுத்தினேன். உதட்டுக்கு மேலே விரலால் அமுக்கினேன். கால் மரத்தது, மாற்றினேன், அந்தக் காலும் மரத்தது. பக்கத்துக் கிழவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். இவள் தும்முவாளா என்று காத்திருக்கிறாளோ என்று தோன்றியதும், மண்டபம் முழுக்க அதற்காகவே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று தோன்றிவிட்டது. தும்மல் நெற்றி வரை ஏறியது. மூச்சைக் கட்டினேன். இறங்கியது. மறுபடி ஏறியது. இறங்கியது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. பார்த்தவர்கள் பாவத்தை நினைத்து உருகுகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

பாவங்களின் பட்டியல் தொடங்கியது. நடுவில் தும்மவே கூடாத இடம் அதுதான். ஒரு சாத்வி பழைய குஜராத்தியில் நீளமாகச் சொல்ல, ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் எல்லோரும் சேர்ந்து 'மிச்சாமி துக்கடம்', செய்த தவறெல்லாம் இல்லாமல் போகட்டும், என்று சொன்னோம். உயிர்களுக்குச் செய்த தீங்கைப் பற்றிய பகுதி முடிந்தது. பொய்யைப் பற்றிய பகுதிக்கு முன்னால் சாத்வி மூச்சு வாங்க நிறுத்தினார். அந்த அமைதியில் ஒரு தும்மல் கேட்டது.

சின்னத் தும்மல். துணிக்குள் அமுக்கப் பார்த்து முடியாமல் போன ஒன்று. என் வாய் மூடியிருந்தது. என் முன்னால் ஸ்துதியின் தோள் குலுங்கியது, அவளுடைய பின்னல் துள்ளி அடங்கியது. பிரபாவின் கை அவளுடைய முழங்கையைப் பிடித்தது. நான் எல்லாவற்றையும் பார்த்தேன்.

அப்புறம் பிரபா திரும்பி என்னைப் பார்த்தாள்.

அவள் பார்த்ததும் அவளுக்கு முன் வரிசை பார்த்தது, அதற்கும் முன் வரிசை பார்த்தது. மண்டபம் மொத்தமும் என் மூக்கைப் பார்த்தது. என் கண்ணோ ஏற்கெனவே கலங்கிச் சிவந்து கிடக்கிறது, கையோ மூக்கில். சாட்சியே தேவையில்லை.

நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். வாயைத் திறக்கத்தான் போனேன். ஸ்துதி திரும்பவில்லை, அவளுடைய கழுத்து மட்டும் தெரிந்தது. அதில் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது, வியர்வை வழிந்தது. எனக்குக் கருணை பொங்கிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். கோபத்தில் குரல் வரவில்லை, அவ்வளவுதான்.

"தும்மல் ஆச்சு. கடைசியில ஞாபகப்படுத்துங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு சாத்வி மகராஜ் மேலே நகர்ந்தார்.

பொய்யைப் பற்றிய பகுதி வந்தது. யோசிக்காமல் அடுத்தவர் மேல் வீண்பழி போட்டிருந்தால் என்ற இடம் அதில் உண்டு. இத்தனை வருஷம் காதில் விழுந்தும் விழாமலும் போன இடம். இருநூறு குரல் மிச்சாமி துக்கடம் என்றது. பிரபாவின் குரல் எனக்கு ஆயிரத்தில் தெரியும். காதைக் கொடுத்துக் கேட்டேன். அதில் அவள் குரல் இல்லை.

அதற்கப்புறம் எனக்கு மூக்கு அரிக்கவே இல்லை. கோபத்துக்கு மாத்திரையை விடச் சக்தி அதிகம் போலிருக்கிறது. கடைசியில் எல்லோரும் எழுந்து அந்தக் கூடுதல் தியானத்துக்கு நின்றார்கள். கால் வலியில் முனகல், பெருமூச்சு. ஒவ்வொரு பெருமூச்சும் என் கணக்கில்.

முடிந்ததும் ஒருவர் கையை ஒருவர் பிடித்து மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார்கள். சம்வத்சரியைத் தாண்டியும் ஒருவர் மேல் கோபத்தை வைத்திருந்தால் நாம் ஜைனரே இல்லை என்பார்கள். அந்த அவசரத்தில் எல்லோரும் எல்லோரிடமும் கேட்டார்கள். பிரபா வரிசை வரிசையாகக் கைகூப்பிக்கொண்டு வந்தாள். என்னைத் தாண்டிப் போக முடியாது, கதவு என் பக்கத்தில்தான் இருந்தது.

"மிச்சாமி துக்கடம், ஜசு."

"எதுக்கு?"

"எதுக்குன்னா... தெரிஞ்சோ தெரியாமலோ, மனசால, வாக்கால, உடம்பால..."

"அது மொத்த வியாபாரம். எனக்குச் சில்லறையா சொல்லு."

அவள் சுற்றிலும் பார்த்தாள். பக்கத்தில் ஸ்துதி மட்டும் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். பிரபா குரலைத் தாழ்த்தினாள்.

"குழந்தைடி அவ. எட்டு நாளா வெறும் தண்ணி. நாளைக்கு அவ அம்மா வீட்டு ஜனம் வண்டி வச்சுக்கிட்டு வருது. வந்த வருஷமே மருமக தும்மினான்னா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாங்க. உனக்கு..."

"சொல்லு. எனக்கு?"

"உனக்குத்தான் ஏற்கெனவே அந்தப் பேர் இருக்கே."

அழுக்குத் துணியில் இன்னொரு கறை பட்டால் யாருக்குத் தெரியும் என்கிறாள். கை ஓங்கியிருப்பேன், சம்வத்சரியாகப் போயிற்று.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்" என்றேன். "தும்மினா கெடுதல் வருமா, வராதா?"

அவள் ஸ்துதியின் பக்கம் கண்ணை ஓட்டினாள்.

"வரும்னா, இந்தத் தடவை தும்மல் உன் வீட்டுது. என்னைத் திரும்பிப் பார்த்தா அது என் வீட்டுக்கு வந்துடாது. இந்தப் பொண்ணை என்ன பண்ணப் போறே? வராதுன்னா, மூணு வருஷமா நான் ஏன் வெளியே உக்காந்திருந்தேன்? ரெண்டுல ஒண்ணைச் சொல்லு, பிரபா. ரெண்டையும் வச்சுக்காதே."

ஸ்துதியின் கண்ணிலிருந்து நீர் இறங்கியது. பிரபா அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அப்புறம் தரையைப் பார்த்தாள். கூப்பின கை கூப்பினபடியே இருந்தது.

"கூப்பிட்டார்" என்றாள்.

"யாரு?"

"அவர்தான். அன்னிக்கு விடியக்காலையில. படியில நின்னுக்கிட்டு, பிரபா, லைட்டைப் போடுன்னார். எனக்குக் காதுல விழுந்தது, ஜசு. முழிச்சுக்கிட்டுத்தான் படுத்திருந்தேன். முந்தின நாள் விருந்தாளி முன்னால நான் வச்ச மோர்க்கடியில உப்பில்லைன்னு சொல்லிட்டாருன்னு கோவம். தானே போட்டுக்கட்டும்னு கண்ணை மூடிக்கிட்டேன். ரெண்டாவது தடவையும் கூப்பிட்டார்." கண்ணைத் தரையிலிருந்து எடுக்கவில்லை. "அப்புறம் சத்தம்தான் கேட்டது. ஆஸ்பத்திரியில எல்லாரும் என்ன ஆச்சு, என்ன ஆச்சுன்னு கேட்டப்போ, தருபென்தான் சொன்னா, சம்வத்சரியில ஜசு தும்மினாளேன்னு. நான் அதைப் பிடிச்சுக்கிட்டேன்."

சில்லறையாகத்தான் கேட்டேன். இவ்வளவு கனமான சில்லறையை நான் எதிர்பார்க்கவில்லை. எனக்குள்ளே அடுத்து சொல்வதற்கு வரிசையாக வார்த்தைகள் தயாராக இருந்தன, ஒவ்வொன்றும் கூர் தீட்டினது. ஒன்றையும் எடுக்க முடியவில்லை. நாலு வருஷமாக எதிர்வீட்டில் இவள் எப்படித் தூங்கினாள் என்றுதான் நினைத்தேன். கூப்பியிருந்த அவள் கையை என் கைக்குள் வைத்துக்கொண்டேன்.

"மிச்சாமி துக்கடம்" என்றேன். அந்த வருஷம் மனசாரச் சொன்னது அது ஒன்றுதான்.

அந்த நேரம் பார்த்துத் தருபென் ஆசனத்தைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். பின்னால் இரண்டு மூன்று பேர்.

"ஜசுபென், மனசுல வச்சுக்காதீங்க, உடம்பு வாகு, யார் என்ன பண்ண முடியும்? நாளைக்குப் பூஜை உங்க பேர்ல சொல்லிடறேன். அடுத்த வருஷமாவது கொஞ்சம் யோசிச்சு..."

"என் பேர்ல சொல்லு" என்றாள் பிரபா.

"உங்க பேர்லயா? எதுக்கு?"

"தும்மினது நான்."

ஸ்துதி நிமிர்ந்தாள். "அத்தை, அது..." என்று தொடங்கினாள். பிரபா அவள் தோளை அமுக்கினாள். "நீ பேசாதே. நாக்கு வறளும். பொழுது சாஞ்சாச்சு, இனி நாளைக் காலை வரைக்கும் தண்ணிகூடக் கிடையாது."

ஒரு வருஷத்துப் பாவத்தைக் கழுவிவிட்டு நாங்கள் ஆசனத்தைக்கூட இன்னும் மடிக்கவில்லை. புது வருஷத்தின் முதல் பொய்யை இவள் கூசாமல் சொல்லிவிட்டாள். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டு நானும் வாயைத் திறக்கவில்லை. இரண்டாவது பாவம் என்னுடையது.

தரு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நம்பவில்லை. ஆனால் ரசிக்பாயின் விதவை, மண்டபப் பொறுப்பாளி, தானே வந்து சொல்கிறாள், என்ன செய்வாள்? ஆனாலும் பழக்கம் விடுமா?

"அப்போ அடுத்த சம்வத்சரிக்கு நீங்க வீட்டுல..." என்று இழுத்தாள்.

"அதுதானே வழக்கம்" என்றாள் பிரபா மெதுவாக. "உக்காந்துக்கறேன்."

"ஒரு வழக்கமும் இல்லை" என்றேன். "அவ இங்கதான் உக்காருவா, என் பக்கத்துல. தும்மல் வந்தா மூக்கைப் பிடிக்க நான் இருக்கேன். நீ போய்ப் பூஜைக்குச் சொல்லு."

தரு போனாள். வம்புக்குத் தட்டு நிறையக் கிடைத்துவிட்டது, கால் தரையில் பாவவில்லை. பிரபாவுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், நிறுத்தப் பார்த்தாள், முடியவில்லை. அப்படியே என் தோளில் முகத்தை வைத்து அழத் தொடங்கினாள். ரசிக்பாய் போய் நாலு வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.